அவன் தடத்தின் மேல் இன்னொரு தடம்

அல்வினா கனுசெஸ் அந்த விடுதிக்கு வேலைக்கு வந்ததே ஒரு சிங்கத்தால்தான்.

ஹோவானிப் என்ற வறண்ட ஆற்றுப்படுகையை ஒட்டிய அவர்கள் குடியிருப்பில் வருஷக்கணக்காக மழை இல்லை. மான்கள் செத்தோ ஓடியோ போய்விட, பசித்த சிங்கங்கள் பட்டிகளைத் தேடி வந்தன. ஒருநாள் விடிவதற்கு முன் முள்வேலியைத் தாண்டிக் குதித்த பெண் சிங்கம் ஒன்று, தின்றது ஒரே ஆடு. கடித்துப் போட்டது அத்தனையையும். கணவன் யோசபாத் கொள்ளிக்கட்டையோடு வெளியே பாயப் பார்த்தான். அல்வினா தகரக் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டு அவனை விடவே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் எலும்பு நொறுங்குவதைக் கேட்டபடி இருவரும் வெளிச்சம் வரும்வரை நின்றார்கள்.

ஆடு போனபின் வயிறு இருக்கிறதே. பாலைவனம் கடலில் போய் முடிகிற இடத்தில், உடைந்த கப்பல்கள் துருவேறிக் கிடக்கும் கரையில், பணக்காரர்கள் சின்ன விமானத்தில் வந்து தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அங்கே அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. மணல்மேடுகளின் மேல் தள்ளித் தள்ளி நிற்கும் மர அறைகள். கண்ணாடி பதித்த பெரிய சன்னல்கள். வந்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "இன்னைக்குச் சிங்கம் பாக்க முடியுமா?" அல்வினா சிரித்துக்கொண்டே தலையணை உறையை மாற்றுவாள். உள்ளங்கை மட்டும் வியர்த்துவிடும்.

அவளை அதிகம் அச்சுறுத்தியது கடலின் சத்தம். ஊரில் சிங்கம் வந்தால் கழுதை மிரளும், நாய் முனகும், சுள்ளி முறியும். ஏதோ ஒன்று காட்டிக்கொடுக்கும். இங்கே அலையின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். முதுகுக்குப் பின்னால் என்ன வந்து நின்றாலும் தெரியாது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போது பத்து தடவையாவது திரும்பிப் பார்ப்பாள். வழிகாட்டி உவேரி, ஹெரேரோ இனத்து ஆள், நக்கல்காரன், வேலையில்லாத நேரத்தில் அவளுக்குத் துணையாக நடப்பான்.

"பயப்படாத அக்கா. உன்னக் கடிச்சா அதுக்கு வாயெல்லாம் சோப்பு நுரைதான் வரும்."

"உன்னக் கடிச்சா பொய்யா வரும். அதுக்கு வயித்தால போகும்டா."

ஒரு கோடையில் விருந்தாளிகள் குறைந்து அறைகள் காலியாகக் கிடந்தன. நிர்வாகி ரெனாத்தே நல்ல மனசுக்காரி. வேலைசெய்கிறவர்கள் ஒவ்வொருவரும் வீட்டு ஆளோடு ஒரு நாள் விருந்தாளியாகவே தங்கிக்கொள்ளலாம் என்றாள். அல்வினா யோசபாத்துக்குச் சொல்லியனுப்பினாள். சாமான் லாரியில், கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலைமுதல் கால்வரை புழுதியாக வந்து இறங்கினான் அவன். ஆயுசில் அவன் கடலைப் பார்த்ததில்லை. வந்த நேரம் பனி இறங்கிக் கடலை மறைத்துவிட்டிருந்தது. காதில் மட்டும்தான் விழுந்தது.

சாயங்காலச் சாப்பாட்டுக்கு உவேரி வெள்ளைத் துண்டைக் கையில் போட்டுக்கொண்டு பரிமாறினான். அகலமான தட்டின் நடுவில் உள்ளங்கையளவு மீன். யோசபாத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தட்டக் கழுவாமயே கொண்டாந்துட்டியா தம்பி? நடுவுல என்னமோ ஒட்டிட்டிருக்கே."

"ஐயா, அதுதான் சாப்பாடே."

"அப்ப இது எந்தக் குழந்தைக்கு?"

அல்வினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்த இத்தனை காலத்தில் அவள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்ததும் இல்லை, சிரித்ததும் இல்லை. சமையல்காரி செல்மா மனமிரங்கிக் களியும் ஆட்டுக்கறியும் கொண்டுவந்து வைத்தாள்.

அறைக்குப் போனதும் யோசபாத் சன்னலருகே நின்று இருட்டைப் பார்த்தான். "கடல்தண்ணி முட்டிவலிக்கு நல்லதாம். ஒரு பாட்டில் பிடிச்சிட்டுப் போகணும்."

"காலையில உவேரி கூட்டிட்டுப் போவான். தனியாப் போயிடாத."

"ஏன், இங்கயும் இருக்கா அது?"

"கரையோரமா நடக்கும். கரையில படுத்துக் கிடக்கிற கடல்நாயப் புடிச்சுத் திங்கும்."

"ஆடு தின்னது போதாதுன்னு மீன் திங்கவும் வந்துருச்சா," என்று சொல்லிவிட்டு மெத்தையில் படுத்தான். மெத்தை உள்வாங்குவது பிடிக்காமல் போர்வையை உருவித் தரையில் விரித்துக்கொண்டான். அவளோ, தான் தினமும் விரிக்கிற அந்த மெத்தையில் படுத்த உடனேயே அசந்து போனாள்.

கண் விழித்தபோது சன்னல் முழுக்க வெள்ளையாக இருந்தது. கடல்பனி. தரையில் போர்வை மட்டும் கிடந்தது. செருப்பும் கோட்டும் இல்லை. சிறு மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலும் இல்லை. கதவு சாத்தாமல் கிடந்தது.

வாசற்படிக்குக் கீழே ஈர மணலில் அவன் தடம் தெளிவாகக் கடலை நோக்கிப் போயிருந்தது. டயரை வெட்டித் தைத்த செருப்பு. அவளுக்குத் தெரியாத தடமா? அதைப் பின்பற்றி நாலு எட்டு வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு செருப்புத் தடத்தின் மேல், அதை நசுக்கிக்கொண்டு, அகலமான இன்னொரு தடம் பதிந்திருந்தது. நகம் பதியாத, பஞ்சுபோல் அமுங்கிய தடம். அவன் போன பிறகு, அவன் போன வழியிலேயே அது போயிருக்கிறது.

  எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. உவேரி தேநீர்க் கோப்பையோடு வண்டியருகே நின்றுகொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு அவளையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

பனியில் வண்டியின் மூக்குக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. உவேரி சன்னல் வழியே தலையை நீட்டித் தடத்தைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்து போனான். இரண்டு தடங்களும் சேர்ந்தே போயின. அலை வந்து மோதும் இடத்தில் இரண்டும் அழிந்து போயின.

"யோசபாத்!" என்று கத்தினாள். அலை அந்தப் பெயரை வாங்கி விழுங்கியது.

"கத்தாத அக்கா. மனுசக் குரல் கேட்டா அது பதுங்கிடும். எங்க இருக்குன்னே நமக்குத் தெரியாது."

முதலில் வந்தது நாற்றம்தான். பச்சை ரத்தமும் கொழுப்பும் கலந்த நாற்றம். பிறகு பனி கொஞ்சம் விலகிய இடத்தில் மஞ்சளாக ஒரு முதுகு தெரிந்தது. பெண் சிங்கம், கழுத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டிய பட்டை. எதையோ முன்காலால் அமுக்கிக்கொண்டு கிழித்துக்கொண்டிருந்தது. முகம் கண்வரைக்கும் சிவப்பு.

அல்வினாவுக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மூடவில்லை. கோட்டுத் துணி தெரிகிறதா, செருப்பு தெரிகிறதா என்று பார்த்தாள்.

"துடுப்புக் கால்," என்றான் உவேரி கிசுகிசுத்து. "துடுப்புக் கால் தெரியுது பாரு. கடல்நாய்தான். கடல்நாய்தான் அக்கா."

அப்படியானால் அவன் எங்கே?

கொஞ்ச தூரத்தில் பழைய கப்பலின் கொதிகலன் மணலில் பாதி புதைந்து கிடந்தது. குடிசையளவு இரும்புப் பீப்பாய். துரு தின்று ஒரு பக்கம் ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் கறுப்பாக ஏதோ தொங்கியது. கோட்டிலிருந்து கிழிந்த துண்டு. ஏறிவரும் கடல் ஒவ்வொரு அலைக்கும் உள்ளே பாய்ந்து நுரையோடு திரும்பியது.

"வண்டி அங்க வராது. புதைமணல்," என்றான் உவேரி. அவன் குரலில் நக்கல் சுத்தமாக இல்லை. "நான் போறேன்."

"நீ கூப்பிட்டா அவன் வெளிய வர மாட்டான். நீ வண்டியக் குறுக்கே வச்சுக்கோ."

உவேரி சிங்கத்துக்கும் கொதிகலனுக்கும் நடுவே, மணல் தாங்கிய மட்டும், வண்டியை நிறுத்தினான். அல்வினா இறங்கினாள்.  ஓடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். கடல் முழங்கால்வரை ஏறியது.

உள்ளே யோசபாத் இடுப்பளவு நீரில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தான். உதடு நீலம். பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்திருந்தான்.

"அது போயிடுச்சா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "போயிடுச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா. கையக் குடு."

அவன் அசையவில்லை. ஒரு பெரிய அலை வந்து அவன் முகத்தில் அறைந்து, அவளையும் இரும்பில் மோதவைத்தது. அவள் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்தாள். துருவில் அவன் தோள் கிழிந்தது. வெளியே வந்து நிமிர்ந்தவன் கண்ணில் முதலில் பட்டது சிங்கம்தான். அது தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அல்வினா..."

"பேசாம நட."

சிங்கம் எழுந்து நின்றது. உவேரி வண்டியின் பக்கவாட்டை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தான். அது காதை மடக்கி, உறுமி, இரண்டடி முன்னால் வந்தது. பிறகு திரும்பிப்போய்த் தன் இரைமேல் படுத்துக்கொண்டது. இருவரையும் உவேரி வண்டிக்குள் இழுத்துப் போட்டான்.

யோசபாத் அன்றே சாமான் லாரியில் ஊர் திரும்பினான். கிளம்பும்போது, "சத்தியம் பண்ணுனியேடி," என்று மட்டும் சொன்னான். 

அல்வினா அங்கேயே வேலையில் இருந்தாள். வேறு எங்கே போவாள்? அந்த அறையைப் பெருக்கும்போது மட்டும் கதவைத் தாழிட்டுக்கொள்வாள். விடுப்பில் ஊருக்குப் போகும்போதெல்லாம் யோசபாத் தவறாமல் கேட்பான்: "அந்தப் பட்டைக்காரி இன்னும் இருக்காளா?" இருக்கிறாள் என்பாள் இவள். 

அவர்கள் மறுபடி கொஞ்சம் ஆடு சேர்த்திருந்த வருஷம், அந்தச் சிங்கம் ஆற்றுப்படுகையில் செத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கழுதைப் பிணம், அதில் விஷம். வைத்தவன் யாரென்று அதிகாரிகள் வீடு வீடாகக் கேட்டுப் போனார்கள். சேதி கேட்டபோது அல்வினாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த லாரியிலேயே வீட்டுக்குப் போனாள்.

யோசபாத் பட்டியில் முள் அடைத்துக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும், இவள் பையைக்கூடக் கீழே வைக்கும் முன்னால், "நான் இல்ல," என்றான்.

அவள் எதுவுமே கேட்டிருக்கவில்லை. வாசலில் கட்டியிருந்த அவர்கள் கழுதைகளில் ஒன்று குறைகிறதா என்று அவள் எண்ணிப் பார்க்கவும் இல்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.