உருளைக்கிழங்கின் பங்காளிகள்

ஒரு செடியைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டு, அதற்குப் பதிலையும் நாமே சொல்லி, அந்தப் பதிலை நாலு பேரை நம்பவைத்துச் சம்பளம் வாங்குவதும் ஒரு பிழைப்புதான். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கொடைக்கானல் மலையில் நான் பார்த்தது அந்தப் பிழைப்பு. செண்பகனூர்க்காரி நான், தாவரவியல் படித்தவள். ஒரு விவசாயப் பண்ணையில் உத்தியோகம். பயிர்களுக்குப் பெயர்ப்பலகை எழுதி வைக்கவேண்டும். மீதி நேரத்தில் ஊர் ஊராகப் போய், எந்தப் பயிர் எந்தக் குடும்பம் என்று விளக்கி, ஒரே குடும்பத்துப் பயிர்களை ஒரே மண்ணில் அடுத்தடுத்துப் போடாதீர்கள் என்று கெஞ்சவேண்டும். வகுப்பெடுத்ததால் எல்லாருக்கும் நான் 'டீச்சர்'. யாருமே கேட்காத விஷயத்தைத் தொண்டை வறளச் சொல்லித் திரிந்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், வாங்க, நாம் ஒரே சாதி.

பூசையும் பலகையும்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தகரத் தகடுகளுக்குப் பச்சை பெயின்ட் அடித்து, வெள்ளையில் லத்தீன் பெயர்களை எழுதி, பாத்திக்கு ஒன்றாக நட்டுவைத்தேன். உருளைக்கு 'சொலானம் டியூபரோசம்'. எழுதி முடித்து இடுப்பில் கைவைத்து நின்று ரசித்தேன். யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று இருந்தது.

காய் வாங்க வந்தார் அந்தோணி அண்ணன். பக்கத்து மிஷன் வீட்டில் சமையல்காரர். "என்னம்மா பாஷை இது?" என்று கேட்டுத் தொலைத்தார். விடுவேனா? ஊருக்கு ஊர் உருளைக்கு வேறு வேறு பெயர், லத்தீன் பெயரோ உலகம் முழுக்க ஒன்றுதான், முதல் சொல் பேரினத்தைச் சொல்லும், அடுத்த சொல் ஆளைச் சொல்லும் என்று மூச்சுவிடாமல் பொழிந்தேன். கோணிப்பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டவர் சொன்னார்: "சாமியாரே பூசையத் தமிழுக்கு மாத்திட்டாரு. இந்தக் கெழங்கு மட்டும் ஏம்மா இன்னும் லத்தீன்லயே நிக்குது?"

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

பள்ளங்கி கிராமத்தில் வகுப்பு. மேசை மேல் ஒரு முட்டைக்கோஸ், ஒரு காலிபிளவர், ஒரு நூக்கல். "இது மூணும் ஒரே இனம்" என்றேன். கூட்டம் சிரித்தது. நான் பொய் சொல்லவில்லை என்று என் கல்லூரிமேல் சத்தியம் செய்யாத குறை. ஆதியில் ஒரே செடி, மனிதன் ஒன்றை இலைக்காக வளர்த்தான், ஒன்றைப் பூவுக்காக, ஒன்றைத் தண்டுக்காக, அதனால்தான் ஆளுக்கொரு உருவம் என்று விளக்கினேன்.

முன்வரிசையில் செல்லத்தாயி. ஊரில் எனக்கு முதலில் சிநேகமானவள். வாயைத் திறந்தால் எனக்கு வகுப்பு போச்சு. அன்றைக்கும் திறந்தாள்: "எங்க வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரியே இருக்கு டீச்சர். என்ன, இதுக மூணும் இன்னும் ஒரே மேசையில ஒக்காந்திருக்குதுக."

தக்காளிக்கும் தீட்டு

அவள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். புருஷன் ராசாங்கத்துக்கு மேல்காடு, தம்பி முத்துக்காளைக்குக் கீழ்காடு. பிரித்த அன்றைக்கு வாய்த் தகராறு முற்றி, 'இனி சாவு வாழ்வு கிடையாது' என்று சொல்லிப் பிரிந்தவர்கள். அதாவது, இந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் அவர்கள் வரமாட்டார்கள், இழவுக்கும் வரமாட்டார்கள். அதற்கப்புறம் பேச்சே இல்லை.

அந்த வருஷம் ராசாங்கத்தின் உருளைக்கு வாடல் நோய் வந்தது. முதல்நாள் பச்சையாய் நின்ற செடி மறுநாள் தலை தொங்கியது. தண்டை வெட்டி ஒரு டம்ளர் தண்ணீரில் பிடித்துக் காட்டினேன். பால்போல நூல்நூலாய் இறங்கியது. நோய் மண்ணில் இருக்கிறது என்று அர்த்தம். அவர்களுக்கு அந்த ஒரு காடுதான் சோறு. ராசாங்கமோ அடுத்த பட்டத்துக்குத் தக்காளி நாற்று விட்டு வைத்திருந்தார். தக்காளியும் உருளையும் ஒரே குடும்பம், அதே நோயில் சாகும் என்றேன். மண்ணுக்குள் காய்ப்பதும் மேலே காய்ப்பதும் எப்படி ஒரே குடும்பம் என்றார். இரண்டின் பூவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், அசையவில்லை. எரிச்சலில், "பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் உங்களுக்குத் தீட்டு இல்லையா? உருளை செத்த மண்ணில் தக்காளி, கத்திரி, மிளகாய் எல்லாவற்றுக்கும் அந்தத் தீட்டு" என்று சொல்லிவிட்டேன்.

மனுஷர் முகம் தெளிந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல டீச்சர். பூவப் பிச்சுப் பிச்சு ஏன் கஷ்டப்பட்டீங்க?"

கருமாதி

என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். அடுத்த தடவை பள்ளங்கியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், மேல்காடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்த வாசனை. வரப்பில் கோமியச் செம்பு. அடுப்புக் கல்லில் பொங்கல் வைத்த கரி, பக்கத்தில் கோழி இறகு. கூடை நிறையத் தக்காளி நாற்றோடு ராசாங்கம் நடவுக்குத் தயாராக நிற்கிறார். "கருமாதி முடிச்சாச்சு டீச்சர். தீட்டு கழிஞ்சுது."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இந்தத் தீட்டு மஞ்சள் தண்ணீருக்குப் போகாது, வருஷக் கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும், இந்தக் குடும்பத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத பூண்டைப் போடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். நாற்றையெல்லாம் வீட்டுக் கொல்லைக்குத் திருப்பினார்கள். செல்லத்தாயிக்குத்தான் ஆறவில்லை. "பூண்டுக்குத் தீட்டு இல்லன்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, எங்க கோழி இன்னும் மேஞ்சுக்கிட்டு கெடக்கும்."

ஒட்டாத தீட்டு

அத்தோடு தீர்ந்ததா? மேல்காட்டுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக நேராகக் கீழ்காட்டுக்குத்தான் இறங்குகிறது. முத்துக்காளை உருளை போட மண்ணை அணைத்துப் பார் பிடித்து, விதைக்கிழங்கை முளைக்க வைத்திருந்தார். போட்டால் நோய் தண்ணீரோடு இறங்கி அத்தனையும் போகும். அந்த வீட்டுக்கும் வேறு காடு கிடையாது.

போய்ச் சொன்னேன். அவர் வரக்காப்பி கொடுத்து மரியாதையாகத்தான் கேட்டார். தீட்டுக் கதை அவர் காதுக்கும் ஏற்கனவே வந்திருந்தது. "எங்களுக்குள்ள சாவு வாழ்வே கெடையாதுங்க டீச்சர். அப்புறம் அவன் காட்டுத் தீட்டு எனக்கு எப்படி ஒட்டும்?"

வாய்க்கால் சண்டை

என் வாயாலேயே நான் கெட்டேன். நோய்க்கு உறவுமுறை தெரியாது, தண்ணீர் போகிற பக்கம் அதுவும் போகும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தன்னை உருளை போடவிடாமல் தடுக்க அண்ணன் அனுப்பிய ஆள் நான் என்றே அவர் நினைத்தார். மேலே ஏறி ராசாங்கத்திடம் சொன்னேன். செல்லத்தாயி அவரைப் பிடித்துக்கொண்டாள். "கீழ இருக்கதும் பிள்ளகுட்டிக்காரவுகதான?"

மறுநாள் நடந்ததை அவள் நடித்தே காட்டினாள். வெள்ளனே மம்பட்டியோடு போன ராசாங்கம், வாய்க்காலை மண்போட்டு அடைத்து, தண்ணீரைப் பாறைச் சரிவுப் பக்கம் வெட்டிவிட்டிருக்கிறார். தண்ணீர் நின்றதும் கீழேயிருந்து முத்துக்காளை கத்திக்கொண்டே ஏறி வந்திருக்கிறார். "எந்தண்ணிய அடைக்க நீ யாரு?" அத்தனை வருஷத்தில் தம்பி பேசிய முதல் பேச்சு அது. ராசாங்கம் மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஏலே, என் காட்டுல நோவு கெடக்கு. இந்தத் தண்ணி ஒனக்கு வேணாம். கெழங்கப் போட்டு நீயும் பிள்ளைகளும் சீரழிஞ்சிராதீக" என்றாராம். "அப்ப நான் என்ன போட?" என்று கேட்டாராம் தம்பி.

பிறகு முத்துக்காளையைப் பார்த்தபோது, நான் சொன்னதை நம்பாதவர் இப்போது எப்படி நம்பினீர்கள் என்று கொஞ்சம் ரோஷமாகவே கேட்டேன். "நீங்க சொன்னது ஆபீஸ் பேச்சு டீச்சர். பேசாதவன் வாயத் தொறந்து பேசுறான்னா, நோவு நெசந்தான்."

யாரோ எவரோ

இரண்டு காட்டிலும் பூண்டு. நல்ல விளைச்சல். அறுப்பு அன்றைக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். போனால் மேல்காட்டுப் பூண்டும் கீழ்காட்டுப் பூண்டும் ஒரே கூரையடியில் கட்டுக்கட்டாகத் தொங்குகின்றன. ஊரே மணக்கிறது. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

முத்துக்காளை, தன் அண்ணனின் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து நொறுக்கிக்கொண்டே எனக்கு வகுப்பெடுத்தார்: "உருளையும் தக்காளியும் சொந்தம், சேந்தா கெடுது. பூண்டு யாரோ எவரோ, ஜோரா வெளஞ்சிருக்கு. சொந்தம்னா தள்ளியே இருக்கணும்னுதான் ஒங்க படிப்பும் சொல்லுது, இல்லையா டீச்சர்?"

சொந்தக்காரப் பயிர்களை ஒன்றுசேர விடாமல் பிரித்துவைக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், ஆனால் அந்த உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அதற்கு நேர் எதிரானது.