பம்புக் கதவின் உள்பக்கம்

இதை எழுத உட்கார்ந்து, ஜெபம் மட்டும் செய்துவிட்டு எழுந்துபோனது எத்தனை வருடமோ. என் முன்னறையில் நிற்கும் பழைய பெட்ரோல் பம்பை வருகிறவர்கள் எல்லாரும் அழகு என்கிறார்கள். அதன் இரும்புக் கதவை மட்டும் நான் யாருக்கும் திறந்து காட்டியதில்லை.

அது என் அக்காள் வீட்டுக்காரருடையது. ஆம்பூரில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தார். எழுபதுகளின் கடைசியில் கரண்டு பம்பு வந்ததும், கையால் சுற்றுகிற பம்பைக் காயலான் கடைக்குப் போடப் பார்த்தார்கள். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்புறம் வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எங்கே கழித்துப் போட்டாலும் போய்விடுவார். ஐந்து பம்புகள் சேர்ந்தன. சிவப்புப் பெயிண்ட் அடித்து வாசலில் வரிசையாக நிறுத்தி, உச்சிக் கண்ணாடிக் குடுவைகளுக்குள் பல்பு போட்டார். பக்கத்து வீட்டு பாய் சைக்கிளோடு வந்து நிற்பார்.

"இன்னா மாமு, ரெண்டு லிட்டர் போடேன்."

"காத்துதான் பாய் கீது. எவ்ளோ வோணுமோ புடிச்சிக்கோ."

அக்காள் உள்ளேயிருந்து சிரிப்பாள். அவர்களுக்குப் பிள்ளையில்லை. ஒரு காய்ச்சலில் அக்காளைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார். அதன்பின் மாமா பம்பு தேடிப் போகவில்லை. வேலை விட்டு வந்ததும் முதல் பம்பின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். எண்ணெய் போடுகிறார் என்றே நான் நினைத்தேன்.

நான் அப்போது தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி வேலையில் இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு அந்தப் பம்பைப் புதுசாக்கி அவரைச் சந்தோஷப்படுத்த ஆசை. தோலில் முடி உதிர்க்கிற கலவையை ஒரு டின்னில் கொண்டுவந்து, அவர் இல்லாத நேரத்தில் உள்ளும் புறமும் பூசினேன். பெயிண்ட் கொழகொழவென்று உரிந்தது. கதவின் உள்பக்கத்தை வழிக்கும்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. அக்காளின் கோணல் எழுத்து, பென்சிலில்; மேலே கரைந்துகொண்டிருந்த வரிகளின் ஓரத்தில் வருட எண்கள். வருடாவருடம் புதுவருட ஆராதனை முடிந்து வந்து, அந்த வருடத்துக்கென்று சர்ச்சில் கொடுத்த வாக்குத்தத்த வேதவசனத்தை அங்கே எழுதிவந்திருக்கிறாள். நான் பார்க்கப் பார்க்க அந்த வரியும் வழிந்துபோனது.

மாமா வந்தார். கதவைத் திறந்தார். வெறும் இரும்பு.

"துரு புடிச்சிக்கிச்சி மாமா. சொரண்ட வேண்டியதாப் பூடுச்சி," என்றேன்.

அவர் பம்பைப் பார்க்கவில்லை, சுண்ணாம்பில் வெடித்திருந்த என் கையைப் பார்த்தார். "இங்க வா மச்சான்," என்று உட்காரவைத்து, ஒவ்வொரு விரலாகத் தேங்காயெண்ணெய் தடவினார்.

"எரியுதா?"

"இல்ல மாமா."

அது இரண்டாவது பொய். அந்தக் கதவைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்ற நான்கையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். சாகும்வரை அவர் அந்தக் கதவைத் திறந்து நான் பார்க்கவில்லை.

இப்போது அது என்னிடம். ஒவ்வொரு புதுவருடமும் பென்சிலோடு கதவைத் திறக்கிறேன், கை ஓடுவதில்லை. இதை நீங்கள் யாருக்காவது சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டுத் துரு என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.