மூன்று வேளைக்கும்

முத்தியால்பேட்டையில் ஒரு தீவனக் கடையைக் கடக்கையில், தவிட்டோடு கலந்த கருவாட்டுத் தூளின் வாசனை என்னை நிறுத்திவிட்டது.

அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த குட்டையில் அம்மா கெளுத்தி மீன் குஞ்சுகள் வளர்த்தாள். இந்தக் கலவையைப் பிசைந்து ஒரு பிடி தூவுவாள்; குஞ்சுகள் அதைத் தின்று தீர்த்த பிறகே அடுத்த பிடி. மிஞ்சிய தீவனம் அடியில் அழுகினால் தண்ணீர் கெட்டுவிடும் என்பாள்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். "பொடிசுங்களுக்கு மூணு வேளையும் போடுங்க, மறந்துடாதீங்க," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவுக்கோ அவள் கட்டிலைவிட்டு நகர மனமில்லை. விடிந்ததும் ஒரு நாளுக்கான தீவனம் முழுவதையும் கொட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவார். அந்த வாரமே குஞ்சுகள் எல்லாம் வயிறு வெளுத்து மிதந்தன. அவற்றைப் புதைத்துவிட்டு என்னையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

"பொடிசுங்க நல்லா துன்னுதுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"மூணு வேளைக்கும் போட்டுட்டுதான் வந்தேன்," என்றார் அப்பா.

தான் சொன்ன 'வேளையும்' அவர் வாயில் 'வேளைக்கும்' ஆகியிருந்ததை அம்மா கவனித்துவிட்டாள். மூன்று வேளைத் தீவனத்தையும் ஒரே தடவையில் கொட்டியிருக்கிறார், குஞ்சுகள் இனி இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள்.

"நீங்க சாப்டீங்களா?"

"ம்."

"மூணு வேளைக்குமா?" என்று சிரித்தாள்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு அம்மா குட்டையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை.