மடிப்புக்குள் போன மூக்குத்தி

கண்ணில் புரை விழுந்த தையற்காரி, ஆபரேஷனுக்காகத் தன் வைர மூக்குத்தியை வெளியூர்க்காரி ஒருத்திக்கு விற்றாள். தபாலில் யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று அதைப் பழைய துணியின் ஓரமடிப்பில் வைத்து, விரலால் தடவித் தடவியே தையல் தெரியாமல் தைத்து அனுப்பினாள். போனில் சொன்னால் நாலு காதுக்குப் போய்விடும் என்று வாங்கியவளிடம்கூட மூச்சு விடவில்லை.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

"ஏம்மா, கந்தலை அனுப்பி என்னை ஏமாத்துறியா?"

"ஐயோ அக்கா, அந்த ஓரத்தைப் பிரிச்சுப் பாருங்க!"

"அது குப்பை வண்டியில போயாச்சு. நீயே தேடிப் பிரிச்சுக்க. என் காசை அனுப்பு."

பணம் அன்றைக்கே திரும்பிப் போனது. கணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"யார் கண்ணுக்கும் தெரியாம தச்சிருக்கியேடி! இந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் ஒரு கேடா?"

அதோடு ஆபரேஷன் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.