இடக்கை காட்டிய எடை

பிஸெர்தே நகரத்தின் துறைமுகச் சந்தில் வசீலாவின் ப்ரிக் கடையைத் தெரியாதவர் இல்லை. மெல்லிய மாவுத்தாளில் முட்டையை உடைத்து ஊற்றி, மடித்து, கொதிக்கும் எண்ணெயில் போட்டு எடுப்பாள். உள்ளே மஞ்சள் கரு இளகியே இருக்கும். பெண் கேட்டு வரும் மாப்பிள்ளை அதைச் சட்டையில் சிந்தாமல் தின்று காட்ட வேண்டும் என்பது அந்த ஊர் வேடிக்கை.

குளிர்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. காலும் பேச்சும் தேறிவிட்டன. வலக்கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. விரல்கள் மடங்கின, எவ்வளவு அழுத்துவது என்பதுதான் மறந்துபோயிருந்தது. முட்டையை எடுத்தால் நசுங்கும், பயந்து தளர்த்தினால் விழும். உடைந்ததையெல்லாம் தக்காளியோடு கிண்டிக் கணவன் லாமினுக்கு வைத்தாள்.

"இன்னைக்கும் இதுதானா?"

"பிடிக்கலைன்னா உங்க தங்கச்சி வீட்டுக்குப் போங்க."

அந்தத் தங்கச்சி ரஷீதாதான் இப்போது கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரம்ஜான் வருது அண்ணி, கூட்டம் தாங்காது. கடையை என்கிட்டயே விட்டுட்டு நீங்க பேசாம ஓய்வெடுங்க."

"ரம்ஜானுக்கு அடுப்படியில நான் நிப்பேன், பாரு" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டாள் வசீலா.

ஒரு நாள் காலை சந்தையில் முட்டைக்காரர் தாஹரின் கூடை முன்னால் நின்றாள். பழைய பழக்கத்தில் இடக்கையால் ஒரு முட்டையைத் தூக்கி எடை பார்த்தாள். கனம் குறைந்தால் பழசு. தாஹரோடு பேசிக்கொண்டே அதை வலக்கைக்கு மாற்றிப் பையில் வைத்தாள். வைத்த பிறகுதான் உறைத்தது. முட்டை முழுசாக இருந்தது.

அடுத்ததை நேராக வலக்கையால் எடுத்தாள். நொறுங்கியது. மூன்றாவதை முதலில் இடக்கையால் தூக்கிப் பார்த்துவிட்டு மாற்றினாள். இடக்கை அறிந்த எடைக்கு ஏற்ப வலக்கை பிடித்தது, முட்டை உடையாமல் தங்கியது.

"என்னக்கா, என் கூடையைப் பள்ளிக்கூடமாக்கிட்டீங்களா?"

"சும்மா இருங்க தாஹர் அண்ணே, கை படிச்சுட்டு இருக்கு!"

அன்றிலிருந்து வீட்டில் அதே வேலை. சில முட்டைகள் அப்படியும் உடைந்துபோயின. லாமின் தக்காளியைப் பார்த்தாலே முகம் சுளித்தான்.

முதல் நோன்பன்று சாயங்காலம் அடுப்படியில் வசீலாதான் நின்றாள். ஒவ்வொரு முட்டையும் இடக்கைக்குப் போய், பிறகு வலக்கைக்கு வந்தது. தாமதமாகிறது என்று வரிசை முணுமுணுத்தது.

"நான் மடிக்கிறேன் அண்ணி, நீங்க உடைச்சு மட்டும் ஊத்துங்க" என்று ரஷீதா தானாகவே பக்கத்தில் வந்து நின்றாள். வசீலா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் பீரங்கி வெடித்தது. லாமின் கடைசி ப்ரிக்கை முனையில் பிடித்துக் கடித்தான். மஞ்சள் கரு நேராகச் சட்டையில் வழிந்தது.

"பொண்ணு கேட்டு வந்த அன்னைக்கு எங்கம்மா முன்னால இப்படித் தின்னிருந்தா, என்னை உங்களுக்குக் கொடுத்திருக்கவே மாட்டாங்க" என்றாள் வசீலா. பிறகு வலக்கையை நீட்டி, ப்ரிக்கின் மேல் பிழிந்துகொள்ள அவன் தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டை எடுத்து வைத்தாள்.