மீரா உசேன் பாயின் சக்கர் மீன் தொட்டி

முத்துப்பேட்டைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பாய்மார் தெருக்களில் வீட்டைக் கட்டுவது ஆண், அதற்குச் சொந்தக்காரி பெண். மகளுக்குச் சம்பந்தம் பேசும்போதே வீட்டை அவள் பேருக்கு எழுதிவிடுவார்கள். மாப்பிள்ளை வந்து அங்கே குடியிருப்பார். பெண்ணுக்கு நல்ல ஏற்பாடுதான், மாமியார் கொடுமை கிடையாது. ஆனால் கட்டிய மனுஷன் எங்கே போய் உட்காருவான் என்று யாரும் கேட்டதில்லை.

நான் பஞ்சநதம். கடைத்தெருவில் கண்ணாடித் தொட்டியும் வண்ண மீனும் விற்கிறவன். மீரா உசேன் பாய் எனக்கு வாடிக்கையாளராக வந்து சிநேகிதரானவர். தம்மாமில் இருபத்தேழு வருஷம் ஏசி மெக்கானிக். இரண்டு தங்கைகளுக்கு ஆளுக்கொரு வீடு, மகள் ஹமீதா பானுவுக்கு ஒரு வீடு. மூன்றையும் கட்டி முடித்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு, முழங்காலில் வலி, தலையில் மிச்சமிருந்த முடியை விரல்விட்டு எண்ணலாம். மகள் பிறந்து நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர். அந்தப் பிள்ளை அத்தாவைப் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்கும். மரியாதை என்று அவர் பெருமையாகச் சொல்வார். எனக்கு அது விருந்தாளிக்கு எழுந்து நிற்பதாகத்தான் படும்.

நிலமாவது இருந்ததா என்றால், இருந்தது, காகிதத்தில். ஆறு மா நஞ்சை, ஏறக்குறைய இரண்டு ஏக்கர். அதில் பதிவு பெற்ற குத்தகைதாரர் இருப்பதை மறைத்து ஒரு பண்ணையார் பாய் தலையில் கட்டிவிட்டார். உழுகிறவரை எழுப்ப முடியாது என்பது சட்டம். அந்தக் குத்தகைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை, அப்பன் காலத்திலிருந்து அந்தச் சேற்றில் கிடந்தவர். ஏமாந்தவர் பாய்தான். ஆட்சி மூன்று தரம் மாறியது. ரெவின்யூ கோர்ட்டில் பாயின் வழக்குக்கு வாய்தா மட்டும் மாறவில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஆறு மாத லீவில் வந்தவர், "இனிமே போகக் கூடாது பஞ்சநதம்" என்றார். கையில் ஒரு யோசனை வைத்திருந்தார். தம்மாமில் ஏசி பார்க்கப் போன ஒரு அரபி வீட்டில் வெள்ளை நிற சக்கர் மீன்களைப் பார்த்திருக்கிறார். தொட்டியின் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும் மீன் அது. நம் ஊரில் கிடைப்பது கறுப்பு. வெள்ளையைக் குஞ்சு பொரிக்க வைத்தால் சென்னை கொளத்தூரில் ஒரு மொத்த வியாபாரி மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். ஆனால் முதலில் ஒரு ஈடு குஞ்சைக் கண்ணில் காட்டச் சொன்னான். அந்த ஒரு ஈடு பொரித்துவிட்டால் பாய் ஊரிலேயே இருக்கலாம். இல்லையென்றால் அக்டோபரில் மறுபடி தம்மாம்.

வீட்டுக் கொல்லைப் பக்கத்து வராந்தாவில் தொட்டி வைக்க அவர் மகளிடம் அனுமதி கேட்டார். தான் கட்டிய வீட்டில்! ஹமீதா மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் சரி என்றாள். வெள்ளை ஜோடி ஒன்றை நான்தான் வெளியூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன்.

ஆண் மீனுக்கு மூக்கெல்லாம் முள்ளு முள்ளாக மீசை. ஒரு பக்கம் அடைத்த பிவிசி பைப்பைத் தொட்டியில் போட்டால் அதற்குள் போய்க் குடியேறும். பெண் உள்ளே வந்து முட்டையிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அப்புறம் எல்லாம் ஆண்தான். சோறு தண்ணீர் மறந்து, வாசலை அடைத்துக்கொண்டு, துடுப்பால் முட்டைகளை விசிறிக்கொண்டே கிடக்கும். முதல் ஈட்டை அது அனுபவம் இல்லாமல் வெளியே தள்ளிவிட்டது. மொத்தமும் பூஞ்சை பிடித்து வெள்ளைப் பஞ்சாகிப் போனது.

லீவு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது இரண்டாவது ஈடு. ஆரஞ்சு நிறத்தில், ஜவ்வரிசி ஊறினாற்போல, எண்பதுக்குமேல் முட்டை. பாய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாள் காலை மூன்று முட்டைகள் பைப்புக்கு வெளியே மணலில் கிடந்தன.

"திரும்பவும் தள்ளுதுங்க பஞ்சநதம்."

"இதை நம்பினா இந்த ஈடும் போயிடும் பாய். முட்டையை எடுத்துத் தனியாப் பொரிக்க வச்சிடுவோம்."

சொன்னது நான்தான். கெட்டுப்போன முட்டைகளைத்தான் தகப்பன் மீன் பொறுக்கி வெளியே போடும் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. இருபது வருஷம் மீன் விற்றவனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

மீனைப் பைப்பிலிருந்து விரட்டி, கரண்டிக் காம்பால் முட்டைக் கொத்தை மெல்லப் பெயர்த்து, வலைக்கூடையில் இட்டுத் தொட்டி ஓரத்தில் தொங்கவிட்டோம். கீழே காற்றுக் குமிழ் விட ஒரு சின்ன மோட்டார். பைப்பின் அடியோரம் ஒட்டிக்கொண்ட கொஞ்ச முட்டைகளுக்குக் கரண்டி எட்டவில்லை. போனால் போகிறதென்று பைப்பைத் திரும்ப வைத்தோம். மீன் சண்டைக்காரனைப்போல உள்ளே பாய்ந்து வாசலை அடைத்துக்கொண்டது.

அது கரண்ட் இல்லாத காலம். மேட்டூர் திறக்காமல் குறுவை போனது. ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் கரண்டும் போனது. அரசாங்கம் வீடு வீடாக மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. அதைச் சுற்றவிடக் கரண்ட் மட்டும் கொடுக்கவில்லை. பாய் மோட்டாரை வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டி, "இதை யாரும் பிடுங்கிடாதீங்க" என்று மூன்று தடவை சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் ரெவின்யூ கோர்ட்டில் வாய்தா. போகவில்லையென்றால் வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்றார் வக்கீல். பாய் காலையில் பஸ் ஏறினார். போன இடத்தில் அதிகாரி வரவில்லை, வேறு தேதி கொடுத்தார்கள். சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்குத்தான் ஊர் திரும்பினார். நானும் அப்போது முட்டை பார்க்கப் போயிருந்தேன்.

மோட்டாரில் சத்தம் இல்லை. பிளக் தரையில் கிடந்தது. வலைக்கூடைக்குள் ஆரஞ்சு நிறமே இல்லை. எல்லாம் சாம்பல் வெளுப்பாகி, தண்ணீர் நாற ஆரம்பித்திருந்தது.

பாயின் மனைவி கமருன்னிஸா அடுப்படி வாசலில் நின்றார்.

"பதினோரு மணிக்குப் போன கரண்டுங்க. இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்த ஆரம்பிச்சிடுச்சு. மாப்பிள்ளை சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தாரு, வேர்த்துக் கொட்டுது. ஃபேன் நின்னுட்டா நாளைக்கு அவங்க வீட்டுல என்ன பேசுவாங்க? மீன் முட்டைக்காக உங்களை வேக வச்சோம்னு சொல்ல முடியுமா?"

நான் வாய் திறந்தேன். பாய் என் கையைப் பிடித்தார்.

"சரிதான். புது மாப்பிள்ளை. அவர் தூங்கணும்ல" என்றார்.

இருபத்தேழு வருஷம் அடுத்தவன் அறையைக் குளிரவைத்த மனுஷன் அப்படித்தான் பேசுவார். எனக்கு அந்தக் கூடையைத் தூக்கி மாப்பிள்ளை படுத்திருந்த கட்டிலில் கவிழ்க்கத் தோன்றியது. உண்மையில் முதல் அடி எனக்குத்தான் விழ வேண்டும். முட்டைகளைத் தகப்பன் மீனிடமிருந்து பிரித்தது என் புத்தி.

அதற்குப் பிறகு பாய் தொட்டிப் பக்கமே போகவில்லை. மீனுக்கு அவித்த வெள்ளரிக்காயைக் கமருன்னிஸாதான் போட்டார், குற்ற உணர்ச்சியில் இருக்கலாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது டிக்கெட். பெருநாளை முடித்துவிட்டுப் போகக் கூடாதா என்று நான் கேட்டேன். தேதி தாண்டினால் விசா செல்லாது என்றார். ஹமீதா வாசல்வரை வந்து, "போயிட்டு வாங்க அத்தா" என்று சலாம் சொன்னாள். மாப்பிள்ளை பெட்டியைக் காரில் தூக்கி வைத்தார். குறை சொல்ல முடியாது, மரியாதையான பையன்தான்.

அவர் போன மூன்றாம் நாள் கமருன்னிஸா எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, சட்டுனு வாங்க. கண்ணாடியில குட்டி குட்டியா என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு."

போய்ப் பார்த்தேன். நகக்கண் அளவில், வெள்ளையாக, பன்னிரண்டு சக்கர் குஞ்சுகள். எங்கள் கரண்டிக்கு எட்டாமல் பைப்புக்குள் தங்கிப்போனவை. அந்த ஆண் மீன் ஒட்டிப்போன வயிற்றோடு இன்னும் பைப் வாசலிலேயே கிடந்தது. தொட்டியை அவர்கள் எப்போது கழுவினார்களோ தெரியாது, மோட்டாரை மாட்டவே இல்லை.

எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் தள்ளிப்போட்டேன். மறைத்தால் அதுவும் துரோகம் என்று மறுநாள் தம்மாமுக்குப் போன் போட்டேன்.

"பாய், நாம எடுக்காம விட்டதெல்லாம் பொரிச்சிடுச்சு. பன்னிரண்டு."

அந்தப் பக்கம் ஏதோ ஏசி மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"அத்தனையுமா?"

"அத்தனையும். ஒண்ணு பழுதில்லை."

"கரண்ட் இருந்துச்சா?"

"எங்க பாய்? முந்தைக்கு இப்ப இன்னும் மோசம். அந்த ஆண் மீன்தான் வாசலை விட்டு நகராம விசிறிக்கிட்டே கிடந்திருக்கு."

அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல் நின்றது, அவர்தான் நிறுத்தியிருப்பார்.

"அது வீட்டுலேயே இருந்துச்சுல்ல பஞ்சநதம், அதான்" என்றார்.