காது இல்லாத ஆவாரை

இந்தப் போகிக்குச் சந்தையில் வாங்கிய காப்புக் கட்டைப் பிரித்தேன். வேப்பிலைக்கும் கண்ணுப்பீளைப் பூவுக்கும் நடுவில் ஒரு கொத்து மட்டும் சந்தேகமாக இருந்தது. பூ என்னவோ மஞ்சள்தான். விரல் தானாக இலைக்காம்பின் அடியைத் தடவிப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஆவாரை இல்லை, பேயாவாரை. எறியப் போன கை மதினி நினைப்பில் அப்படியே நின்றுவிட்டது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினி கோவில்பட்டிக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். இரண்டு பேரும் ஒரே தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தோம். போகியன்று அரைநாள் லீவு. வாசலில் கட்டும் காப்புக்குப் பூப்பறிக்க ஓடைக்கரைக்குப் போவோம். ஈரக் கரிசல் செருப்பில் அப்பி அப்பி, திரும்பும்போது ஆளுக்கு ஒரு சாண் வளர்ந்திருப்போம். முதல் வருஷம் நான் பறித்ததில் பாதி பேயாவாரை.

"ஏட்டி, மஞ்சளாப் பூத்ததெல்லாம் ஆவாரையா? காம்புக்கு அடியில பாரு, காது மாதிரி ரெண்டு இலை இருக்கும். காது இருந்தாத்தான் ஆவாரை. இதைக் கசக்கி மோந்து பாரு, கொடலைப் பொரட்டும். இதையா வாசல்ல கட்டப் போற?"

அடுத்த வருஷமே எனக்கு அடையாளம் பிடிபட்டுவிட்டது. ஆனாலும் தெரியாதவளாகவே இருந்தேன். தெரியும் என்றால், நீயே பறித்து வா என்று அடுப்படியில் உட்கார்ந்துவிடுவாளோ என்று பயம். அந்த ஒரு மத்தியானத்துக்காக வருஷம் முழுக்கக் காத்துக் கிடந்தவள் நான். வேண்டுமென்றே இரண்டு பேயாவாரையைக் கட்டில் செருகுவேன். அவள் திட்டிக்கொண்டே பிடுங்கி எறிவாள்.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பார்கள். அந்த வருஷம் கரையெல்லாம் பூத்துத்தான் கிடந்தது. லாரி ஓட்டப் போன அண்ணன் விபத்தில் போய்விட்டான். அந்தப் பொங்கலுக்கு எங்கள் வாசலில் காப்பு இல்லை. மதினியின் அப்பா வந்து அவளைப் பசுவந்தனைக்கு அழைத்துப் போனார். பிறகு கோயம்புத்தூர்ப் பக்கம் மறுகல்யாணம் ஆனது. நல்லதுதான் நடந்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

கோயம்புத்தூர் பஸ் ஏறும்போது, வழியனுப்பப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஒனக்கு அடையாளம் தெரியும்னு எனக்கு எப்பவோ தெரியும்டி. தெரியாத மாதிரியேதான் நானும் கூட வந்தேன்."

சந்தையில் வாங்கிய அந்தக் கொத்தை நான் எறியவில்லை. கட்டோடு சேர்த்து வாசல் நிலையில் செருகினேன். மாட்டுப் பொங்கல் முடியும்வரை எத்தனையோ பேர் அதன் கீழே வந்து போனார்கள். ஒருத்தரும் அண்ணாந்து பார்த்து என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.